துமா பெசா: பெயரிலேயே மக்கள் மொழியை வைத்த ஒரு கென்ய நிறுவனம்

நைரோபியின் ஈஸ்ட்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்கடை. பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர். முன்னால் இரும்புக் கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். கட்டட வேலை முடித்து வந்த ஒருவர் அந்தத் துவாரத்தில் இரண்டாயிரம் ஷில்லிங்கை நீட்டுகிறார். கடைக்காரர் எண்ணி வாங்கிக்கொண்டு, நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைக்கிறார். பெயர், அடையாள அட்டை எண், போன் நம்பர், தொகை, கையெழுத்து. சற்று நேரத்தில் அவருடைய பழைய பட்டன் போன் சிணுங்குகிறது. பணம் போனுக்குள் ஏறிவிட்டது. இனி மெனுவைத் திறக்கிறார். ‘துமா பெசா’ என்று ஒரு வரி, பணம் அனுப்பு. ‘தோவா பெசா’ என்று இன்னொரு வரி, பணம் எடு. முதல் வரியை அழுத்தி, ஊரில் இருக்கும் அம்மாவின் நம்பரைப் போட்டு, தொகையைப் போட்டு, கடைசியில் ‘நம்பரி யா சிரி’ என்று ரகசிய எண்ணைக் கேட்கும்போது நான்கு இலக்கங்களை அழுத்துகிறார். ‘இமெதிபிதிஷ்வா’ என்று தொடங்கும் எஸ்எம்எஸ் வருகிறது. உறுதி செய்யப்பட்டது என்று பொருள்.

போன் வழியே பணம் அனுப்பும் ‘எம்-பெசா’ என்ற சேவை 2007-ல் வந்த பிறகு கென்யாவில் பழகிப்போன காட்சி இது. அந்த மனிதர் ஆங்கிலம் படித்திருக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். மெனுவை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் அவர் விரும்பினால், சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசுகிற அதே சுவாஹிலியில் அந்தக் கருவி அவரிடம் பணத்தைப் பற்றிப் பேசும்.

ஆப்பிரிக்க மொழிகளில் விளம்பரம் என்ற பேச்சு வந்தாலே பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் போய் நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் யோசித்து முடித்த விளம்பரத்தை ஸுலுவுக்கோ யொரூபாவுக்கோ மாற்றி, ரேடியோவில் ஒருவரை வாசிக்க வைத்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. எம்-பெசாவை நடத்தும் கென்யாவின் போன் நிறுவனமான சஃபாரிகாம் ஒரு படி முன்னாலேயே தொடங்கியது. பொருளுக்குப் பெயர் வைக்கும் மேசையிலேயே மக்களின் பேச்சு உட்கார்ந்திருந்தது. அதனால் என்ன கிடைத்தது, பிறகு அந்தப் பேச்சே எங்கே வாடிக்கையாளரை வழுக்கிவிட்டது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டும் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

யாருடைய மொழி?

கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. கிகுயு, லூயா, கலென்ஜின், லுவோ, கம்பா, கிசீ, மேரு, சோமாலி, மாசாய் என்று பட்டியல் நீளும். சுவாஹிலி கிழக்குக் கடற்கரையின் சொந்த மொழி. உள்நாட்டில் அது பெரும்பாலோருக்குத் தாய்மொழி கிடையாது, ஆனாலும் பெரும்பாலோருக்குத் தெரியும். 2010-ல் வந்த அரசியல் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சுவாஹிலியைத் தேசிய மொழி என்கிறது. சுவாஹிலியும் ஆங்கிலமும் ஆட்சி மொழிகள். மற்ற மண்ணின் மொழிகளை அரசு வளர்க்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கென்யாவில் ஒருவரின் பெயரைக் கேட்டாலே எந்த இனக்குழு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அங்கே ஒரு நாடு தழுவிய நிறுவனம் தன் பொருளுக்குக் கிகுயுவில் பெயர் வைத்தால், மறுநாளே அது கிகுயுக்காரர்களின் நிறுவனம் ஆகிவிடும். லுவோவில் வைத்தாலும் அதே கதைதான். சுவாஹிலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பெரிய இனக்குழு எதற்கும் வீட்டு மொழியாக இல்லாததால் எல்லோருடைய தெரு மொழியாகவும் இருக்க முடிகிறது. ஆங்கிலமும் ஒரு வகையில் நடுநிலையானதுதான், ஆனால் அதில் அலுவலக வாடை அடிக்கும். வங்கிக் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வருகிற மொழி அது. எம்-பெசா தொடங்கப்பட்ட காலத்தில் கென்யப் பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் வங்கிக் கணக்கே இருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கண்ணாடி வெகு தூரத்தில் இருந்தது.

நம் பைசா போய்ச் சேர்ந்த இடம்

‘எம்’ என்பது மொபைலின் முதல் எழுத்து. ‘பெசா’ என்றால் சுவாஹிலியில் பணம். நாம் சொல்லும் பைசாதான் அது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன சொல். ஆங்கிலேயர் 1896-லிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட்டபோது இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். ரூபாயும் கூடவே போனது. ஷில்லிங் வந்தது 1920-களின் தொடக்கத்தில்தான், அதுவரை அங்கே புழங்கிய நாணயம் ரூபாய். காசு மாறிய பிறகும் சொல் தங்கிவிட்டது. கிகுயுவில் அது ‘ம்பேஷா’, கம்பாவில் ‘ம்பேசா’. கடைக்கு அங்கே ‘துகா’ என்று பெயர், அதுவும் ‘துகான்’ என்ற சொல்லின் வழி வந்ததுதான்.

அதாவது, சுவாஹிலி சரியாக வராத ஒரு கிழவிக்கும் ‘பெசா’ புரியும். நூறு வருடமாகப் பல மொழிகளுக்குள் புகுந்து புழங்கிய சொல்லைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்தப் பெயரின் பலமே இருக்கிறது. அகராதியைப் புரட்டித் தூய சொல் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் இது நடந்திருக்காது.

எம்-பெசா முதலில் கடன் தவணை கட்டுவதற்காகத் திட்டமிடப்பட்டது. சஃபாரிகாமில் பங்கு வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனமான வோடஃபோனில் இருந்த நிக் ஹியூஸும் சூசி லோனியும் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவிப் பணத்தோடு 2005-ல் சோதனை நடத்தினார்கள். சிறுகடன் வாங்கிய சில நூறு பேர் தவணையைப் போனிலேயே கட்டலாம் என்பது ஏற்பாடு. ஆனால் மக்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பினார்கள், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். நிறுவனம் இதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றியது. 2007 மார்ச்சில் நாடு முழுவதும் வந்தபோது அதன் முழக்கம் ‘செண்ட் மணி ஹோம்’. வீட்டுக்குப் பணம் அனுப்பு.

முழக்கம் ஆங்கிலத்தில் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ‘ஹோம்’ ஒரு கென்யச் சொல்தான். நைரோபியில் வாடகைக்கு இருக்கிற இடத்தை யாரும் ஹோம் என்று சொல்வதில்லை. அது வெறும் ‘ஹவுஸ்’. ஹோம் என்றால் பிறந்த ஊர், அப்பா அம்மா இருக்கும் நிலம், செத்தால் புதைக்கப்படும் மண். அதுவரை அங்கே பணம் போனது பெரும்பாலும் பஸ் டிரைவர் கையிலோ, ஊருக்குப் போகிற நண்பரின் பையிலோதான். வழியில் தொலைவதும் உண்டு. அந்த ஏக்கத்தையும் பயத்தையும் மூன்று சொற்கள் தொட்டன. சொல் எந்த மொழியில் இருந்தாலும் யோசனை உள்ளூரில் இருந்து வந்திருந்தது. அந்த ஆண்டு நவம்பருக்குள் பத்து லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்று கென்யாவில் மட்டும் மூன்று கோடிக்கும் மேல்.

வினைச்சொற்களால் ஆன கடை

சஃபாரிகாமின் மற்ற சேவைகளுக்கு வைத்த பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலானவை வினைச்சொற்கள், அதிலும் ஏவல் வினைகள்.

‘சம்பாசா’ என்றால் பரப்பு, பகிர்ந்து கொடு. உங்கள் போனில் இருக்கும் டாக்டைமை இன்னொருவருக்கு மாற்றிவிடும் வசதி. எம்-பெசாவுக்கு முன்பே இது இருந்தது, மக்கள் டாக்டைமையே ஒரு வகைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் செய்தார்கள். ‘ஸ்கிசா’ என்றால் கேள். காலர் டியூனுக்கு அந்தப் பெயர். ‘லிபா நா எம்-பெசா’ என்றால் எம்-பெசாவால் பணம் கட்டு. இன்று கென்யாவில் கறிக்கடை, முடிதிருத்தும் கடை, பைக் டாக்சி என்று எங்கும் இந்தப் பலகையைப் பார்க்கலாம். ‘போங்கா’ என்பது ஷெங் என்ற நைரோபித் தெருப்பேச்சில் ‘பேசு’ என்று சொல்லும் சொல். பேசப் பேசச் சேரும் பரிசுப் புள்ளிகளுக்கு ‘போங்கா பாயிண்ட்ஸ்’.

ஷெங் என்பது நைரோபியின் ஈஸ்ட்லேண்ட்ஸில் வளர்ந்த கலப்பு மொழி. சுவாஹிலி இலக்கணம், ஆங்கிலம், கிகுயு, லுவோ எல்லாம் கலந்த சொற்கள், தெருவுக்குத் தெரு மாறும் சாயல். பள்ளிக்கூட ஆசிரியர்கள் அதை மொழிக்கேடு என்பார்கள். இளைஞர்கள் அதில்தான் பேசுவார்கள். ‘பாம்பா 50’ என்று ஐம்பது ஷில்லிங் ஸ்கிராட்ச் கார்டு ஒன்று வந்தது. ‘பாம்பா’ என்றால் பிடி, கைப்பற்று. ஷெங்கில் ‘இனபாம்பா’ என்றால் ரொம்ப ஜாலியாக இருக்கிறது. நடைபாதையில் நின்று நாணயத்தால் கார்டைச் சுரண்டுகிற பையனுக்கு இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் காதில் விழும். இப்படி ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்து வாங்க முடியாது. அந்தத் தெருவில் வளர்ந்த ஒருவர் அறையில் இருந்தால்தான் கிடைக்கும்.

2010-ல் வந்த ‘நிகோ நா சஃபாரிகாம்’ விளம்பரத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். கென்யாவின் பல நிலப்பரப்புகளில் நின்று ஒரு பாடகர் குழு பாடும் பெரிய செலவு பிடித்த படம் அது. நான் சஃபாரிகாமோடு இருக்கிறேன் என்பது நேர்ப்பொருள். ஆனால் என்னிடம் இது இருக்கிறது என்று சொல்ல இலக்கணச் சுவாஹிலியில் ‘நினா’ என்பார்கள், கென்யத் தெருவில் ‘நிகோ நா’ என்பார்கள். தான்சானியாக்காரர் கேட்டால் இது கென்யப் பேச்சு என்று கண்டுபிடித்துவிடுவார். ஆக, நான் அவர்கள் பக்கம், அது என் கையில் என்று இரண்டும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டன. 2017-ல் அதே நிறுவனம் ‘த்வாவேசா’ என்று ஒரு முழக்கத்தை எடுத்தது. நம்மால் முடியும் என்று பொருள். சாதாரணப் பேச்சில் ‘துனாவேசா’ என்பதுதான் வழக்கம், ‘த்வாவேசா’ கொஞ்சம் செய்யுள் வாடை உள்ள வடிவம். உச்ச நீதிமன்றம் ஒரு ஜனாதிபதித் தேர்தலையே ரத்து செய்து நாடு இரண்டாகப் பிரிந்து நின்ற ஆண்டு அது. அந்த நேரத்துக்குத் தெருப்பேச்சைவிட ஒரு படி உயர்ந்த குரல் பொருத்தமாக இருந்தது. எந்த மொழி என்பதோடு முடிவதில்லை, அந்த மொழிக்குள் எந்தக் குரல் என்பதும் ஒரு தேர்வுதான்.

தாய்மொழிகள் எங்கே போயின?

பெயர்ப் பலகையில் சுவாஹிலி, சரி. அப்புறம் கிகுயுவும் லுவோவும் கலென்ஜினும்? அவற்றுக்கு ரேடியோ கிடைத்தது. அரசு ஒலிபரப்பு மட்டுமே இருந்த காலம் முடிந்து, 2000-ல் கமேமே எஃப்எம் கிகுயுவில் தொடங்கியது. பிறகு ராயல் மீடியா குழுமம் கிகுயுவுக்கு இனோரோ, லுவோவுக்கு ராமோகி, கம்பாவுக்கு மூசியி, கலென்ஜினுக்கு சம்கேய், லூயாவுக்கு முலெம்பே என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நிலையம் வைத்தது. விதை, உரம், மாட்டுத் தீவனம், வங்கி, போன் எல்லாம் இந்த நிலையங்களைத் தேடிப் போயின. காலையில் பால் கறக்கும்போது ரேடியோவில் பேசுகிறவர் நமக்குத் தெரிந்த பழமொழியோடு தீவனத்தைப் பற்றிச் சொன்னால், அது விளம்பரம் என்ற உணர்வே வராது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன மாதிரி இருக்கும்.

அந்த நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தாய்மொழி நிலையங்கள் சில பகையை மூட்டின என்று குற்றச்சாட்டு எழுந்தது. கலென்ஜின் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. 2016-ல் போதுமான ஆதாரம் இல்லை என்று அது முடித்துவைக்கப்பட்டது. ஆனால் அந்த நினைவு போகவில்லை. நாடு முழுக்க விற்க வேண்டிய ஒரு நிறுவனம், பெயருக்குப் பொதுமொழியையும் விளக்கத்துக்குத் தாய்மொழியையும் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு நிதானம் தெரிகிறது.

விளம்பரத்திலிருந்து பேச்சுக்குப் போன சொற்கள்

சோப்பும் சிம் கார்டும் விற்பதற்கு மட்டும் இந்த வழி பயன்படவில்லை. 2004-ல் எய்ட்ஸ் தடுப்புக்காகப் பதின்ம வயதினரிடம் ஒரு பிரசாரம் நடந்தது. அதன் பெயர் ‘நிமெசில்’. ‘நி’ என்றால் நான், ‘மெ’ என்பது முடிந்துவிட்ட செயலைக் காட்டும் இடைநிலை, ‘சில்’ ஆங்கிலச் சொல். நான் பொறுமையாக இருக்க முடிவெடுத்துவிட்டேன் என்ற பொருளில் பையன்களும் பெண்களும் இரண்டு விரலைக் காட்டிச் சொன்னார்கள். விலகியிரு என்று பெரியவர்கள் உபதேசம் செய்திருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். இது அவர்களே தன்மையில், தங்கள் மொழியில் சொல்கிற வாக்கியம்.

இதைவிட ஆழமாக இறங்கியது ‘வாச்சா ம்பாங்கோ வா கந்தோ’. ‘ம்பாங்கோ வா கந்தோ’ என்றால் நேர்ப்பொருளில் ஓரத்து ஏற்பாடு, அதாவது திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு. ‘வாச்சா’ என்றால் விடு. கணவன் மனைவிக்கு வெளியே உள்ள உறவுகளால் எச்ஐவி பரவுவதைப் பேச, யாரையும் திட்டாத, ஆனால் எல்லோருக்கும் புரிகிற ஒரு சொல் தேவைப்பட்டது. இன்று கென்யாவில் அந்தச் சொல் செய்தித்தாளிலும் நீதிமன்றச் செய்தியிலும் சாதாரணமாகப் புழங்குகிறது. 2013-ல் இதன் தொடர்ச்சியாக ஆணுறையை ஏற்பாட்டில் சேர்த்துக்கொள் என்ற பொருளில் ஒரு டிவி விளம்பரம் வந்தது. மனைவியாக வரும் பெண்ணுக்கு அவளுடைய தோழி அப்படி அறிவுரை சொல்கிறாள். கிறிஸ்தவ, முஸ்லிம் மதத் தலைவர்கள் கொதித்தெழ, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அது ஆங்கிலத்தில் வந்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டு மொழியில் சொன்னதால், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னது போல ஆகிவிட்டது.

கறிவேப்பிலை போல மொழி

இதோடு ஒப்பிட தென்னாப்பிரிக்காவின் ‘யேபோ கோகோ’ சரியான உதாரணம். வோடாகாம் நிறுவனத்தின் புகழ்பெற்ற தொடர் விளம்பரம், 1990-களில் தொடங்கியது. ஸுலுவில் ‘யேபோ’ என்றால் ஆமாம், ‘கோகோ’ என்றால் பாட்டி. அந்த விளம்பரத்தில் முதியவராக வந்து நாடு முழுவதும் ‘யேபோ கோகோ மனிதர்’ என்று பெயர் வாங்கியவர் கோலே ஒமோடோசோ. அவர் நைஜீரியர், யொரூபாக்காரர், நாவலாசிரியர், பல்கலைக்கழகப் பேராசிரியர். 2023-ல் காலமானார். அவருடைய முகத்தில் இருந்த நிதானமும் குறும்பும்தான் அந்தத் தொடரைத் தாங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மொழியின் பங்கு அங்கே இரண்டு சொற்கள். வாசனைக்குப் போடுகிறோம், சாப்பிடும்போது ஒதுக்கி வைத்துவிடுகிறோம். நிறவெறி ஆட்சி முடிந்து பதினொரு ஆட்சி மொழிகளை அறிவித்த நாட்டில், விளம்பரத் துறை அந்த மொழிகளுக்கு அன்று கொடுத்த இடத்தின் அளவும் ஏறக்குறைய அதுதான்.

எம்-பெசாவே 2010-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 2016-ல் மூடப்பட்டது. ஸுலுவிலும் கோசாவிலும் பணத்துக்கு ‘இமாலி’ என்று பெயர், ‘பெசா’ என்ற சொல் அங்கே யாருக்கும் எதையும் சொல்லாது. அதனால்தான் தோற்றது என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. அங்கே வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே அதிகம், விதிகளும் கடுமை. மொசாம்பிக்கிலும் ‘பெசா’ உள்ளூர்ச் சொல் கிடையாது, ஆனால் அங்கே எம்-பெசா நன்றாகவே ஓடுகிறது. ஆக, பெயர் மட்டும் எதையும் தூக்கி நிறுத்தாது. பொருளுக்குத் தேவை இருக்கிற இடத்தில், தயங்கி நிற்பவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிற வேலையைப் பெயர் செய்யும். ஆப்கானிஸ்தானில் ரோஷன் நிறுவனம் 2008-ல் இதே சேவையைத் தொடங்கியபோது ‘எம்-பைசா’ என்று மாற்றி வைத்ததும், எத்தியோப்பியாவில் அரசு நிறுவனம் 2021-ல் தன் சேவைக்கு நாட்டு நாணயத்தின் பெயரையே சேர்த்து ‘டெலிபிர்’ என்று வைத்ததும் இதைப் புரிந்துகொண்டதால்தான். இந்தியாவுக்கும் வோடஃபோன் 2013-ல் எம்-பெசாவைக் கொண்டுவந்தது. நம்மிடமிருந்து போன பைசா ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பியது, 2019-ல் கடையைக் கட்டியது.

‘இலே பெசா...’

இவ்வளவு நெருக்கமான மொழி திருடர்களுக்கும் உதவும். கென்யர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு எஸ்எம்எஸ் உண்டு: ‘இலே பெசா துமா க்வா ஹீ நம்பா’. அந்தப் பணத்தை இந்த நம்பருக்கு அனுப்பிவிடு. வேறு எந்த விவரமும் இருக்காது. மோசடியின் சூட்சுமம் முழுவதும் ‘இலே’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. ‘அந்த’ என்று சொல்லும்போதே, ஏற்கெனவே நாம் பேசி வைத்த ஒரு பணம் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. அன்று யாருக்காவது வாடகையோ, பள்ளிக் கட்டணமோ அனுப்ப வேண்டியிருந்தவர், கேட்டது அவர்தான் என்று நினைத்து அனுப்பிவிடுவார். ‘ஹீ நம்பா’ என்பதும் பேச்சு வழக்குதான், இலக்கணப்படி ‘நம்பா ஹீ’ என்று வர வேண்டும். நண்பர் அவசரத்தில் தட்டிய மாதிரி இருக்க அதுவும் உதவுகிறது. நைரோபியின் காமிட்டி சிறையோடு இந்த மோசடியைச் சேர்த்துப் பேசுவது அங்கே வழக்கம். மெனுவில் இருந்த ‘துமா பெசா’ எவ்வளவு இயல்பாக மக்கள் நாக்கில் குடியேறியது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

கடனுக்கு வைத்த பெயர்கள்

என்னை இந்த விஷயத்தில் உண்மையாகவே உறுத்துவது இனி வருவதுதான்.

டாக்டைம் தீர்ந்துவிட்டால் சஃபாரிகாமிடமே முன்கடன் வாங்கலாம். அதற்குப் பெயர் ‘ஒகோவா ஜஹாசி’. கப்பலைக் காப்பாற்று. ஜஹாசி என்பது மொம்பாசா, லாமு பக்கம் ஓடும் பாய்மரக் கப்பல். வாங்கிய தொகையில் பத்து சதவீதம் கட்டணம். 2012 நவம்பரில் கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஆப்பிரிக்காவோடு சேர்ந்து போனிலேயே சேமிப்பும் கடனும் வந்தது, பெயர் ‘எம்-ஷ்வாரி’. ‘ஷ்வாரி’ என்றால் அமைதி, அலையடங்கிய கடல். முப்பது நாள் கடனுக்கு அப்போது 7.5 சதவீதக் கட்டணம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தொண்ணூறு. 2019 ஜனவரியில் ‘ஃபுலிசா’ வந்தது. எம்-பெசாவில் பணம் போதாவிட்டாலும் அனுப்பலாம், கட்டலாம், குறைகிற தொகை கடனாக ஏறிக்கொள்ளும். ‘ஃபுலிசா’ என்றால் நிற்காமல் தொடர்ந்து போ.

சுவாஹிலியில் கடனுக்கு ‘ம்கோபோ’ என்றும் ‘தேனி’ என்றும் நேரான சொற்கள் இருக்கின்றன. கடனுக்கு மருந்து கட்டுவதுதான் என்று ஒரு பழமொழியும் உண்டு. அந்தச் சொற்கள் எதுவும் இந்தப் பெயர்களில் இல்லை. மீட்பு, அமைதி, தடையில்லாத பயணம் என்று மூன்றும் கடலோரத்தின் காற்றோடு வருகின்றன. வங்கி ஆங்கிலத்தில் ‘ஓவர்டிராஃப்ட்’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டடத் தொழிலாளி ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார். ‘ஃபுலிசா’ என்று தன் மொழியில், ஏவல் வினையில், தோளில் தட்டிச் சொல்லும்போது யோசிக்கிற அந்த ஒரு நிமிடம் காணாமல் போகிறது. பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மொழி அழகாகக் கைவந்தது, அந்த அழகு எந்தப் பொருளின் மேல் போர்த்தப்படுகிறது என்ற கேள்வியை மேசையில் யாராவது கேட்டிருக்க வேண்டும். சம்பாசாவும் துமாவும் மக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த செயல்களின் பெயர்கள். ஃபுலிசா, ஒரு செயலின் விலையை மறைக்கிற பெயர்.

விலையைப் பற்றிய பேச்சு வெளியிலிருந்து வந்தது. 2016-ல் கென்யாவின் போட்டி ஆணையம், போன் வழி நிதிச் சேவைகளின் முழுக் கட்டணத்தையும் பரிவர்த்தனை முடிவதற்கு முன்பே திரையில் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காகக் கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் ஏறியவர்கள் ஏராளம். 2020 ஏப்ரலில் மத்திய வங்கி, ஆயிரம் ஷில்லிங்குக்குக் கீழ் பாக்கி வைத்தவர்களை அப்படிச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. 2022 அக்டோபர் முதல் ஃபுலிசாவின் தினசரிக் கட்டணம் குறைக்கப்பட்டது.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெயர் வைக்கிற அன்று ஈஸ்ட்லேண்ட்ஸ் பையனை அறைக்குள் கூப்பிடுகிறீர்கள் அல்லவா, கட்டண வரியை எழுதுகிற அன்றும் அவனைக் கூப்பிடுங்கள். ‘ஃபுலிசா’ என்ற சொல்லுக்கு அடியிலேயே, அதே எழுத்தளவில், இது தேனி, நாளைக்கு இவ்வளவு ஷில்லிங் என்று அவன் எப்படிச் சொல்வானோ அப்படியே எழுதுங்கள். பெட்டிக்கடையில் அந்த நீளமான நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் முன் கடைக்காரர் தொகையை வாய்விட்டுச் சொல்கிறாரே, அந்த அளவுக்காவது.